ஆபரேஷன் தியேட்டரில் மருந்துப் பிழையும் மென்பொருள் அலர்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டுக்குப் போனால் நோயாளியின் வீட்டார் கேட்பதும், வகுப்பில் நர்சிங் மாணவிகள் கேட்பதும், "இந்த சாஃப்ட்வேரை வாங்கலாமா டாக்டர்?" என்று மருத்துவமனை நடத்துபவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பல வருடங்களாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகள் எல்லோருக்குமானவை. போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

ஆபரேஷன் நடக்கும்போது மருந்து மாறிப்போகுமா டாக்டர்? இல்லை, சும்மா பயமுறுத்துகிறார்களா?

மாறும். அதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் லாபம் இல்லை. நியூசிலாந்தில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த 133 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் மருந்துப் பிழை நடந்ததாக மருத்துவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எழுதிக் கொடுப்பதற்குக் காத்திருக்கவில்லை. பார்வையாளரைத் தியேட்டருக்குள்ளேயே நிறுத்திப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் 277 ஆபரேஷன்கள், 3,671 முறை மருந்து கொடுத்தது எல்லாம் கணக்கில் வந்தன. அதில் 193 முறை பிழையோ மருந்தால் பாதிப்போ இருந்தது. அதாவது சுமார் இருபதுக்கு ஒன்று. அந்த 193-ல் 153 தடுத்திருக்கக் கூடியவை.

எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சிரிஞ்சில் லேபிள் ஒட்டாததும் அங்கே பிழைதான். உயிருக்கே ஆபத்து என்ற வகையில் வைக்கப்பட்டவை 3. ஆனால் அப்படிப்பட்ட பெரிய பிழையும் லேபிள் இல்லாத சிரிஞ்ச், அவசரக் கணக்கு என்ற சின்ன விஷயங்களின் வழியாக வரலாம். அதனால்தான் சின்னதையும் எண்ணுகிறோம்.

வார்டில் ஒரு ஊசி போடவே மூணு பேர் பார்க்கிறார்கள். தியேட்டரில் மட்டும் ஏன் இப்படி?

நல்ல கேள்வி. வார்டில் டாக்டர் எழுதுவார், மருந்தாளர் எடுத்துக் கொடுப்பார், நர்ஸ் கேஸ் ஷீட்டைப் பார்த்துப் போடுவார். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. தியேட்டரில் எந்த மருந்து என்று முடிவு செய்வது, ஆம்பூலை உடைப்பது, சிரிஞ்சில் எடுப்பது, போடுவது, எழுதுவது என எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட மூன்றாவது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். "ஒரு மாதிரி வருது டாக்டர்" என்று அந்தப் பெண் சொல்கிறார். முகம் வெளுக்கிறது. மானிட்டரில் ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. டிரேயில் ஆறு சிரிஞ்சுகள். எல்லாவற்றிலும் தண்ணீர் மாதிரிதான் மருந்து. அழுத்தத்தை ஏற்றும் மருந்தை எடுத்துப் போட எனக்கு இருப்பது சில விநாடிகள். அங்கே மருந்தாளருக்கு சீட்டு அனுப்ப முடியாது. வார்டில் மூன்று பேர் செய்யும் சரிபார்ப்பை இங்கே யார் செய்வது? மென்பொருள் அலர்ட்டுக்கு அந்த இடத்தில்தான் வேலை.

என்னென்ன மாதிரித் தப்பு நடக்கும்?

மேலே சொன்ன பாஸ்டன் ஆய்வில் முதலிடம் லேபிள் சம்பந்தப்பட்ட பிழைகளுக்கு. தடுத்திருக்கக் கூடியவற்றில் சுமார் 24 சதவீதம். அடுத்தது தவறான டோஸ், சுமார் 23. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டது சுமார் 18. மூன்றாவதைப் பலர் பிழையாகவே நினைப்பதில்லை. ஆனால் போடாத மருந்தும் நோயாளியைப் பாதிக்கும்.

தவறான டோஸ் எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம்: மரத்துப்போகும் மருந்துகள் சதவீதத்தில் வரும், டோஸ் மில்லிகிராமில் கணக்கிடப்படும். 1 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். இது எங்களுக்கு மனப்பாடம்தான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, மூன்றாவது அவசர கேஸில், மனப்பாடமும் தடுமாறும். இன்னொன்று ஆம்பூலின் தோற்றம். கம்பெனி மாறினால் ஆம்பூலின் முகமும் மாறிவிடும். நேற்று வரை பழுப்புக் கண்ணாடியில் வந்த மருந்து இன்று வெள்ளைக் கண்ணாடியில் வரும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு மருந்தைப் போலவே.

சரி, அந்த சாஃப்ட்வேர் என்னதான் செய்யும்? அதுவே ஊசி போட்டுவிடுமா?

போடாது. போடுவது எப்போதும் மனிதக் கைதான். மென்பொருள் மூன்று சமயங்களில் குறுக்கே வந்து பேசும். ஒன்று, மருந்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போது: பாட்டிலை ஸ்கேனரில் காட்டினால் மருந்தின் பெயரையும் செறிவையும் உரக்கச் சொல்லி, சரியான நிறத்தில் லேபிளை அச்சடித்துத் தரும் சிறு இயந்திரங்கள் இருக்கின்றன. இரண்டு, போடுவதற்குச் சற்று முன்: சிரிஞ்சின் பார்கோடைக் காட்டினால் இந்த நோயாளியின் எடை, அலர்ஜி, சிறுநீரக நிலை ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஏதாவது உறுத்தினால் சொல்லும். மூன்று, நேரம் பார்த்து நினைவூட்டும்.

லேபிளின் நிறங்களுக்கு ஐஎஸ்ஓ 26825 என்ற சர்வதேசத் தரம் 2008-ல் வந்தது. தசையைத் தளர்த்தும் மருந்துக்குச் சிவப்பு, ஓபியாய்டு வலி மருந்துக்கு நீலம், ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கு ஊதா, மயக்கம் தொடங்கும் மருந்துக்கு மஞ்சள், மரத்துப்போகும் மருந்துக்குச் சாம்பல். தசைத் தளர்ச்சியை முறிக்கும் மருந்துக்கு அதே சிவப்பில் வெள்ளைக் கோடுகள்.

மானிட்டர் ஏற்கெனவே கீ கீ என்று கத்திக்கொண்டேதானே இருக்கிறது? இது என்ன புதுசு?

மானிட்டர் கத்துவது உடம்பில் மாற்றம் வந்த பிறகு. அதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும். நான் பேசுவது மருந்து உள்ளே போவதற்கு முன் வரும் எச்சரிக்கையைப் பற்றி. வார்டு கணினியில் டாக்டர் மருந்தை எழுதும்போது அலர்ட் வரும், அங்கே அதற்கு நேரம் இருக்கிறது. தியேட்டரில் பல மருத்துவமனைகளில் முதலில் மருந்து போடப்படும், அதன் பிறகுதான் கணினியில் பதியப்படும். பதியும்போது "டோஸ் அதிகம்" என்று வந்தால் என்ன பிரயோஜனம்? இந்தப் பக்கத்தில் நான் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: பிஸ்டனை அழுத்துவதற்கு முன் வராத அலர்ட்டை நம்பிப் பணம் போடாதீர்கள்.

இதனால் தப்பு குறைந்தது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

நிரூபித்திருக்கிறார்கள், ஆனால் விளம்பரத்தில் வருகிற அளவுக்கு அல்ல. நியூசிலாந்தில் ஆக்லாந்தில் ஒரு முறையைச் சோதித்தார்கள். ஒழுங்கான டிரே, வண்ண லேபிள், பார்கோடு, ஸ்கேன் செய்ததும் மருந்தின் பெயரைச் சொல்லும் குரல் எல்லாம் சேர்ந்தது அது. 1,075 ஆபரேஷன்கள், 10,764 முறை மருந்து. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. பழைய முறையில் 100 மருந்துக்கு 11.6 பிழை, புதிய முறையில் 9.1. அதிலும் பெரும்பாலானவை பதிவு செய்வதில் வந்த பிழைகள்.

இதோடு படிப்பதை நிறுத்திவிடக் கூடாது. புதிய முறை கையில் இருந்த மருத்துவர்களிலேயே, ஒவ்வொரு மருந்தையும் போடுவதற்கு முன் ஸ்கேன் செய்து குரலையும் அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்குப் பிழை 6.0. அப்படிச் செய்யாதவர்களுக்கு 9.7. இரண்டு பக்கமும் கருவி ஒன்றுதான். நான் மாணவர்களுக்கு இந்த இரண்டு எண்களைத்தான் எழுதிப் போடுவேன்.

95 சதவீதம் பிழையைத் தடுக்கும் என்று செய்தியில் படித்தேனே?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் மருத்துவர்கள் தாங்களாகவே பதிவு செய்த பழைய சம்பவங்களை ஆய்வாளர்கள் எடுத்து, "அன்றைக்கு இந்த மென்பொருள் இருந்திருந்தால் இதைப் பிடித்திருக்குமா?" என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 95 சதவீதம் வரை பிடித்திருக்கும் என்று முடிவு வந்தது. உபயோகமான வேலைதான். எங்கே அலர்ட் வைக்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் அலர்ட் வந்தால் மருத்துவர் அதைக் கேட்டுவிடுவார் என்ற நம்பிக்கை உள்ளே இருக்கிறது. நிஜத் தியேட்டரில் அளந்த ஆக்லாந்து எண்களை முந்தைய பதிலில் பார்த்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆபரேஷன் நடுவில் எதற்கு மறுபடியும் ஆன்டிபயாடிக்? ஒரு தடவை போட்டால் போதாதா?

சின்ன ஆபரேஷனுக்குப் போதும். கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் போடுகிறோம். ரத்தத்தில் அதன் அளவு இறங்கிக்கொண்டே வரும். ஆபரேஷன் நீண்டால், முதல் டோஸ் போட்ட 4 மணி நேரத்தில் இன்னொன்று போட வேண்டும். ரத்தம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போயிருந்தாலும் அப்படித்தான்.

இதை மறப்பது ரொம்ப சுலபம். நாலாவது மணி நேரத்தில் இதய ஆபரேஷனில் எல்லோருடைய கவனமும் வேறு எங்கோ இருக்கும். பாஸ்டனில் பிரிகாம் மருத்துவமனையில் நீண்ட இதய ஆபரேஷன்களுக்குத் தியேட்டர் கணினியிலேயே ஒரு நினைவூட்டலை வைத்துப் பார்த்தார்கள். அலர்ட் வந்த நோயாளிகளில் 68 சதவீதம் பேருக்கு இரண்டாவது டோஸ் போனது. வராதவர்களில் 40 சதவீதம். 2003-ல் வெளியான ஆய்வு இது. ஸ்கேனர், செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லாத சாதாரண அலாரம்தான். என் கருத்தில், செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதற்கு ஈடாக வேறு அலர்ட் இல்லை.

என் பையனுக்கு ஒரு வயசுதான் ஆகிறது. டோஸ் தப்பாகாமல் இது பார்த்துக்கொள்ளுமா?

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு இந்த மென்பொருள் மேல் அதிக ஆசை. பெரியவர்களுக்கு ஓரளவு எல்லோருக்கும் பொதுவான டோஸ் இருக்கிறது. குழந்தைக்கு ஒவ்வொன்றும் எடைக்குக் கணக்குப் போட வேண்டும்.

10 கிலோ குழந்தை, குடலிறக்க ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். பியூபிவகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை போடலாம், அதாவது 25 மில்லிகிராம். நான் முதுகின் அடியில் கால் சதவீத மருந்து 10 மில்லி போடுகிறேன். அங்கேயே 25 முடிந்துவிட்டது. ஆபரேஷன் முடியும்போது, வலிக்காமல் இருக்கட்டும் என்று அறுவை மருத்துவர் காயத்தைச் சுற்றி இன்னும் 4 மில்லி போடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் மொத்தம் 35 ஆகிவிட்டது. அவர் கணக்கு அவருக்குச் சரி, என் கணக்கு எனக்குச் சரி. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. மென்பொருள் கூட்டும். அவர் கேட்கும்போதே "இனி மீதம் இல்லை" என்று திரையில் காட்டும். ஒரு நிபந்தனை: எடை சரியாகப் பதிந்திருக்க வேண்டும். பவுண்டில் சொன்னதைக் கிலோ என்று எழுதிவிட்டால் அது தவறான எடைக்கு மிகச் சரியாகக் கணக்குப் போடும்.

அலர்ட் வந்தாலும் டாக்டர்கள் "ஓகே" தட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாமே?

ஆமாம். மருந்து அலர்ட்டுகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தட்டிவிடப்படுகின்றன என்று 2006-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். இதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க அர்த்தமில்லாமல் குரைக்கும் நாயைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருடன் வந்த அன்றைக்கும் அது அதே மாதிரிதான் குரைக்கும்.

2013-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். தியேட்டரில் நடந்தது இல்லை, ஆனால் பாடம் இதேதான். 16 வயதுப் பையனுக்கு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்று கொடுக்க வேண்டும். கணினியில் 160 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 160 என்று பதிவாகிவிட்டது. கணக்கு 38½ மாத்திரைக்குப் போனது. டாக்டருக்கு அலர்ட் வந்தது, தட்டிவிட்டார். மருந்தாளருக்கும் வந்தது, அவரும் தட்டிவிட்டார். ரோபோ எடுத்துக் கொடுத்தது. நர்ஸுக்கு இவ்வளவு மாத்திரையா என்று உறுத்தியது, ஆனால் பார்கோடை ஸ்கேன் செய்தபோது எண்ணிக்கை சரி என்றே வந்தது. பையனுக்கு வலிப்பு வந்தது, பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு அங்கே மிகச் சரியான எச்சரிக்கை அந்த நர்ஸின் உறுத்தல்தான். ஸ்கேனர் அதை அமுக்கிவிட்டது.

எனக்கு பெனிசிலின் அலர்ஜி. கணினியில் சிவப்பாக அலர்ட் வந்தும் செஃபசோலின் போட்டார்களாம். இது தப்பில்லையா?

பெரும்பாலும் தப்பில்லை. பெனிசிலினும் செஃபசோலினும் தூரத்துச் சொந்தம், அதனால் பழைய மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்கு போடும். ஆனால் அலர்ஜியைக் கிளப்புவது அந்த மூலக்கூறின் பக்கச் சங்கிலி. செஃபசோலினின் பக்கச் சங்கிலி தனி ரகம், பெனிசிலினோடு ஒத்துப்போகாது. பெனிசிலினுக்குத் தடிப்பு வந்த ஒருவருக்கு செஃபசோலினும் ஒத்துக்கொள்ளாமல் போவது ரொம்ப அரிது. தோல் உரிந்துபோகும் அளவு கடுமையான எதிர்வினை வந்தவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்குத் தவிர்ப்போம்.

இந்த ஒரு அலர்ட்டைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய பதிலே போதும். தினமும் இரண்டு முறை பொய்யாக வரும் சிவப்பு விளக்கு, நிஜமான சிவப்பு விளக்கையும் கெடுத்துவிடும்.

அலர்ட்டைத் தாண்டி மருந்து கொடுத்து விபரீதமாகிவிட்டால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஸ்கேன் அறையில் பயந்த ஒரு மூதாட்டிக்கு வெர்செட் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். நர்ஸ் மருந்துப் பெட்டியின் கணினியில் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை (VE) தட்டினார். கிடைக்கவில்லை. தடையைத் தாண்டும் பொத்தானை அழுத்தியபோது அதே எழுத்துகளில் தொடங்கும் வெகுரோனியம் வந்தது. அது மூச்சுவிடும் தசைகளையே முடக்கும் மருந்து. மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. வெர்செட் திரவம், இது கரைக்க வேண்டிய பொடி. எல்லாவற்றையும் தாண்டி மருந்து உள்ளே போனது. அந்த அம்மா இறந்துவிட்டார். 2022-ல் நீதிமன்றம் நர்ஸைக் குற்றவாளி என்றது. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

அவர் செய்தது பிழைதான். ஆனால் அதே பொத்தானை அன்றாடம் அழுத்தப் பழக்கிவிட்ட ஏற்பாடும் கூண்டில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். இதன் பிறகு, மருந்தைத் தேடக் குறைந்தது 5 எழுத்து தட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே வலியுறுத்தப்பட்டது. உயிரைக் காக்கும் மாற்றம் சில சமயம் அவ்வளவு சின்னதாக இருக்கும். நம் நாட்டில், மருத்துவர் மேல் குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிர்வாகிகளிடம் நான் சொல்வது இதுதான்: யார் எந்த அலர்ட்டைத் தட்டினார்கள் என்ற பட்டியலைத் தண்டிக்க எடுக்காதீர்கள், அலர்ட்டைத் திருத்த எடுங்கள். தண்டனை வரும் என்றால் யாரும் ஸ்கேன் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் சாஃப்ட்வேர் கண்ணில் படாமல் போகிற தப்பு எது?

கலக்கிய மருந்து. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் ஆம்பூல் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். அதை 100 மில்லி சலைனில் கலந்தால்தான் நாம் சாதாரணமாகப் போடும் செறிவு வரும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு நாள் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து, பாக்கி வேலை முடிந்ததாக நினைத்து லேபிளை ஒட்டிவிட்டேன். 10 மில்லியில்தான் கலந்திருந்தது, அதாவது பத்து மடங்கு வீரியம். சிரிஞ்சை எடுத்த சீனியர் அக்கா, "இது எத்தனை மில்லியில கலந்தது தம்பி?" என்று சும்மா கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தச் சிரிஞ்சைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தோம். ஸ்கேனர் இருந்திருந்தாலும் மருந்தின் பெயர் சரி என்றுதான் சொல்லியிருக்கும். தொழிற்சாலையிலேயே கலந்து, நிரப்பி, பார்கோடு ஒட்டி வரும் சிரிஞ்சுகள்தான் இதற்கு நல்ல வழி.

இரண்டாவது, மருந்து எந்த வழியாகப் போகிறது என்பது. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமில ஆம்பூலை, முதுகில் போடும் பியூபிவகெய்ன் என்று நினைத்து முதுகுத்தண்டில் போட்ட சம்பவங்கள் உண்டு. இந்தியாவிலும் நடந்திருக்கிறது. அப்படி ஆனவர்களில் பாதிப் பேர் வரை இறந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 2022-ல் எச்சரிக்கை விட்டது. முதுகு ஊசிக்கான மருந்து கிருமி நீக்கிய டிரேயில் நேராகக் கொட்டப்படும், அங்கே ஸ்கேனர் பக்கத்தில் வர இடமில்லை. இந்த ஆம்பூலை மயக்க மருந்து டிராலியிலேயே வைக்காமல் தனிப் பெட்டியில் வைப்பது எந்த அலர்ட்டையும் விட உறுதியான காவல்.

எங்களுடையது 30 படுக்கை ஆஸ்பத்திரி. ஆம்பூலில் பார்கோடே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

2023 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயம். ஆனால் தியேட்டர் ஆம்பூல்களில் பல அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன, குறியீடு அட்டைப் பெட்டியில் இருந்தாலும் போதும் என்பதால் கையில் இருக்கும் கண்ணாடியில் இருக்காது. அதனால் ஸ்கேனரில் ஆரம்பிக்காதீர்கள்.

நான் செய்யச் சொல்வது இந்த வரிசையில்: முதலில் ஐஎஸ்ஓ நிற லேபிள் ரோல்கள், விலை அதிகமில்லை. அடுத்து ஆன்டிபயாடிக் போட்டதும் கைபேசியிலோ தியேட்டர் கணினியிலோ 4 மணி நேர அலாரம். அப்புறம் மருந்தைச் சீராகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் வாங்கும்போது, மருந்துகளின் பட்டியலும் டோஸ் எல்லையும் உள்ளே ஏற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கு என்பதற்குப் பதில் நிமிடத்துக்கு என்று தட்டினால் அது ஓடாமல் நிற்கும். ஆனால் பட்டியலை ஏற்றாமல் வெறும் பம்பாகவே பல இடங்களில் ஓட்டுகிறார்கள். வாங்கிய அன்றைக்கே உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள்.

நாங்கள் இந்த மென்பொருளை எழுதுகிறவர்கள். எத்தனை அலர்ட் வைக்கலாம்?

ஐந்தில் ஆரம்பியுங்கள். அலர்ஜி, எடைக்கு மீறிய டோஸ், மரத்துப்போகும் மருந்தின் மொத்தக் கூட்டல், ஆன்டிபயாடிக் நேரம், தசைத் தளர்ச்சி முழுக்க விலகாமல், மூச்சுக்காக வைத்த குழாயை எடுப்பது. ஐந்தாவதற்கு அளவு தெளிவாக இருக்கிறது: நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவியில் விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் குழாயை எடுக்கக் கூடாது.

எல்லா அலர்ட்டும் திரையை மறித்து நிற்கக் கூடாது. நினைவூட்டல் ஓரமாக வரட்டும். உயிர்போகிற விஷயம் மட்டும் மறிக்கட்டும், அதையும் காரணம் சொல்லித் தாண்ட வழி இருக்கட்டும். ஏனென்றால் இதயம் நின்ற நோயாளிக்கு அட்ரினலின் போடும்போது "டோஸ் அதிகம்" என்று திரை மூடிக்கொண்டால் அதுவே கொலையாகிவிடும். மாதம் ஒருமுறை தட்டிவிடப்பட்ட அலர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை ஒன்றைத் தட்டுகிறார்கள் என்றால் அலர்ட்டில்தான் கோளாறு. அப்புறம், புரோகிராம் எழுதுவதற்கு முன் இரண்டு நாள் தியேட்டரில் வந்து நில்லுங்கள். கையுறை ஈரத்தோடு தொடுதிரை வேலை செய்யாது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்தால் தெரியாது.

நாளைக்கு எனக்கு ஆபரேஷன். நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. மேலே சொன்ன ஐந்தில் முதல் இரண்டு அலர்ட்டுகளும் நீங்கள் சொல்லும் தகவலை வைத்துத்தான் வேலை செய்கின்றன. எடையை உத்தேசமாகச் சொல்லாதீர்கள், ஏறி நின்று பாருங்கள். அலர்ஜி என்றால் எந்த மருந்து, எப்போது, என்ன ஆனது என்று மூன்றையும் சொல்லுங்கள். "அந்த மாத்திரை போட்டால் வயிறு கலக்கும்" என்பதும் "முகம் வீங்கி மூச்சு அடைத்தது" என்பதும் கணினியில் ஒரே மாதிரி பதிவாகிவிடக் கூடாது. வீட்டில் போடும் மாத்திரைகளின் அட்டைகளையே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாமே.

பெண்களுக்கு ஒன்று. நீங்கள் கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தசைத் தளர்ச்சியை முறிக்க சுகமடெக்ஸ் என்ற மருந்து போட்டிருந்தால், அடுத்த 7 நாளைக்கு அந்த மாத்திரையோடு ஹார்மோன் இல்லாத வேறு ஒரு தடுப்பும் வேண்டும். நீங்கள் முன்பே சொல்லி, அது பதிவாகியிருந்தால்தான் வீட்டுக்குப் போகும்போது தரும் தாளில் அந்த வரி வரும். வரவில்லை என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்த மருந்து போட்டோம் என்று பார்த்துச் சொல்கிறேன்.